தானாக மூடிக்கொள்ளும் பெட்டி

மேடம் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த அன்று கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலில் சுவரைப் பார்த்தார். எங்களுக்கு முன்பு அந்த அறையில் இருந்தவர்கள் ஏசி வைப்பதற்காகச் சுவரை உடைத்திருந்தார்கள். காலி செய்தபோது ஏசியைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை எங்களுக்கு விட்டுப் போய்விட்டார்கள். இரண்டு வருடமாக அந்த ஓட்டை வழியாகத்தான் தருமபுரி பஸ் ஸ்டாண்டின் மொத்த ஹாரன் சத்தமும் எங்கள் மேஜைக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் யாருக்கும் அது உறுத்தவில்லை. மேடம் கீழே இருந்த ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். வெட்டி அடைத்தார். மேலே ஒரு நகைக்கடைக் காலண்டரை மாட்டினார். சத்தம் குறையவில்லை, ஓட்டை மட்டும் தெரியாமல் போனது.

"பாக்கறவங்களுக்குக் குறை தெரியக் கூடாதுங்கண்ணா," என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த வாக்கியத்தைக் கேட்காத வாரம் எனக்குக் கிடையாது. இப்போது யோசித்தால் அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் அன்று நான் கை தட்டினேன்.

எங்களுடையது உள்ளூர்ச் செய்தி சைட். முதலாளி ஒருவர், செய்தியாளன் நான் ஒருவன், சைட்டைப் பார்த்துக்கொள்ள மேடம், விளம்பரம் பிடிக்க ஒரு பையன். அவ்வளவுதான் படை. மேடத்துக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவர், மீதியைத் தானாகவே கற்றுக்கொண்டவர். முதலாளி முதல் நாள் கேலியாகத்தான் 'மேடம்' என்று கூப்பிட்டார். அந்தக் கேலி ஒரு மாதத்தில் மரியாதையாகிவிட்டது, ஏனென்றால் அவர் இல்லாமல் சைட் ஒரு நாள் ஓடாது.

அவருடைய பெரிய சாதனை அந்த வீடியோ பெட்டிதான். செய்தி எழுதும் இடத்தில் ஒரு வீடியோவின் லிங்கை ஒட்டினால், படிக்கிறவருக்கு லிங்க் தெரியாது, அங்கே வீடியோ ஓடும் பெட்டி தெரியும். இது எல்லா சைட்டிலும் உள்ளதுதான். சிக்கல் என்னவென்றால், வீடியோ நம்மிடம் இருக்காது, வேறு இடத்தில் இருக்கும். அதை ஏற்றியவர் அழித்துவிட்டால், நம் பக்கத்தில் கருப்பாக ஒரு பெட்டி நிற்கும். 'இந்த வீடியோ இப்போது இல்லை' என்று அதில் எழுதியிருக்கும். கோயில் தேர், ஒகேனக்கல் வெள்ளம், அரசியல் கூட்டம் என்று எங்கள் பழைய செய்திகள் பாதியில் இப்படிக் கருப்புப் பெட்டிகள் நின்றன. படிக்கிறவர்கள் முதலாளிக்கு போன் போட்டுக் கிண்டல் செய்தார்கள். முதலாளி எங்களிடம் வந்து கத்தினார்.

மேடம் நாலு நாள் பேசாமல் உட்கார்ந்து, லிங்க் பெட்டியாக மாறுகிற அந்த இடத்தையே பிரித்துப் போட்டு மாற்றி எழுதினார். ஐந்தாவது நாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இனிமேல் பக்கம் திறக்கும்போது வீடியோ வராது, அதிலிருந்து எடுத்த ஒரு படம் மட்டும் வரும். தொட்டால்தான் வீடியோ ஓடும். வத்தல்மலையில் ஒற்றைக் கோடு சிக்னலில் பார்க்கிறவருக்கும் பக்கம் சட்டென்று திறக்கும். அந்தப் படம் நம் சர்வரிலேயே இருக்கும். தினமும் காலையில் சைட் தானாகவே ஒவ்வொரு வீடியோவும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவரும். இல்லாவிட்டால் பெட்டி மறைந்துவிடும். மேலே உள்ள பத்தியும் கீழே உள்ள பத்தியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். மறைந்த வீடியோக்களின் பட்டியல் மட்டும் மேடத்தின் மெயிலுக்கு வரும்.

நான் ஒரு பழைய செய்தியைத் திறந்து பார்த்தேன். பெட்டி போயிருந்தது. ஆனால் 'காணொளியைக் கீழே காண்க' என்ற என்னுடைய வரி அனாதையாக நின்றது.

"மேடம், பெட்டி போச்சு, இந்த வரி நிக்குதே. இதைப் படிச்சுட்டு கீழ எதைக் காண்றது?"

"அட ஆமாங்கண்ணா," என்றார். அரை மணி நேரத்தில் அந்த வரியும் பெட்டியோடு சேர்ந்து மறைகிற மாதிரி செய்துவிட்டார். அதாவது அந்த யோசனை என்னுடையது. இதை நான் எங்கேயும் மறைத்துப் பேசக் கூடாது. எல்லோரும் பப்ஸ் சாப்பிட்டோம், முதலாளி வாங்கிக் கொடுத்தார்.

வெறும் சைட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவருடைய வாழ்க்கையே அப்படித்தான் இருந்தது. மதியம் மூன்று அடுக்கு டிபன் கேரியரைத் திறப்பார். ஒரு நாள் என் பேனா கீழே விழுந்து, எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். மேல் இரண்டு அடுக்கும் காலி. திறந்து, ஸ்பூனால் ஒரு சத்தம் கொடுத்து, மூடி வைத்துவிட்டு மூன்றாவது அடுக்கில் இருந்த தயிர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை என்று சொல்வார். மகளுடைய பிறந்தநாள் போட்டோவை வருடா வருடம் எனக்கும் அனுப்புவார். கேக், மகள், இந்தப் பக்கம் மேடம், அந்தப் பக்கம் வீட்டுக்காரர். மூன்றாவது வருடம்தான் எனக்கு உறைத்தது. மூன்று பிறந்தநாளிலும் அந்த ஆள் அதே நீலச் சட்டையில், அதே கோணத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். தோளுக்குப் பக்கத்தில் சுவரின் நிறம் கொஞ்சம் பிசகியிருந்தது, மற்றபடி வேலை சுத்தம்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். மேடம் கோபப்படவில்லை.

"அவரு போயி நாலு வருசம் ஆச்சுங்கண்ணா. பெங்களூர்லதான் இருக்காரு, வேற வூட்ல. எங்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டோ போடலைன்னா ஆளாளுக்கு போன் போட்டு, 'மாப்ள வரலையா, ஏன் வரலை'ன்னு கேப்பாங்க. பாப்பா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பா. இப்ப யாரும் கேக்கறதில்ல பாருங்க."

எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். பாவமாகவும் இருந்தது. இப்படி ஒரு பொம்பளை தனியாக இத்தனை ஓட்டையை அடைத்துக்கொண்டு திரிகிறாளே என்று நினைத்தேன்.

அந்தப் பிரியத்தில் என் சுயநலமும் கலந்திருந்தது. ஒரு முறை அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நடந்த விபத்துச் செய்தியில் இறந்தவர் பெயருக்குப் பதில் காயம்பட்டவர் பெயரைப் போட்டுவிட்டேன். உயிரோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த மனிதரை நான் கொன்றுவிட்டேன். அவருடைய தம்பி போனில் கத்தினார். மேடம் பத்து நிமிடத்தில் பெயரை மாற்றிவிட்டார். திருத்தம் என்று ஒரு வரி போட வேண்டாமா என்று கேட்டேன்.

"போட்டா தப்புப் பண்ணுனோம்னு தெரிஞ்சிருமில்ல. மாத்தியாச்சு, போச்சுண்ணா. சாருக்கும் நான் சொல்லல."

காலில் விழாத குறைதான். அந்த நன்றி பல நாள் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

இப்போது மாதம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். மாதம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒன்றரை ஏக்கரில் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறவர். அந்தக் காட்டுக்கு உயிர் அங்கே இருந்த கிணறுதான். புருஷனும் அவரும் சேர்ந்து வெட்டிய கிணறு, புருஷன் இறந்து பத்து வருடம். கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பாறையில் கல்குவாரி வரப்போகிறது என்றார்கள். வெடி வைத்தால் கிணற்றின் பக்கச்சுவர் சரியும், ஊற்று திசை மாறிவிடும். இது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கிராம சபைக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. நான் போயிருந்தேன். அந்த ஊரில் ஒரு வழக்கம், இன்னும் பல ஊர்களில் இருக்கும். கூட்டம் முடிந்தால் ஜனம் நிற்காமல் காட்டு வேலைக்குக் கலைந்துவிடும் என்பதால், வந்தவுடனேயே எல்லோரிடமும் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேலே பக்கம் காலியாக இருக்கும். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். மாதம்மாளும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஒருத்தரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

குவாரி வேண்டாம் என்று மாதம்மாள் எழுந்து பேசினார். கூட்டம் முழுவதும் கை தூக்கியது. "சரி சரி, வேண்டாம்னே எழுதிக்கறேன், கையை எறக்குங்க," என்றார் நோட்டு வைத்திருந்தவர். பதினொரு நிமிடம் ஆபீஸ் போனில் எடுத்தேன். எங்கள் சானலில் ஏற்றி, லிங்கைச் செய்தியில் ஒட்டினேன். பிறகு போனிலிருந்து அழித்துவிட்டேன். ஏற்றியதும் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம், அந்த போனில் எப்போதும் இடம் இருக்காது.

இரண்டு மாதம் கழித்து மாதம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். கையில் தீர்மானத்தின் நகல். 'குவாரி அமைக்க இக்கூட்டத்திற்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருந்தது. கீழே ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது.

"நானு வேண்டாம்னுதான சாமி கை தூக்குனேன். நீ கூடப் படம் புடிச்சியே."

"வீடியோ நம்ம சைட்ல இருக்குதும்மா," என்றேன். "யாரும் ஒண்ணியும் பண்ண முடியாது. மனுவுல அந்த அட்ரஸை எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை மனு நாளு, நானும் கூட வர்றேன்."

நான் மார்தட்டிச் சொன்னது இது. மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். 'ஆதாரம்: கூட்டத்தின் காணொளி' என்று எழுதி சைட் முகவரியையும் போட்டேன். வெள்ளிக்கிழமை மேடத்திடம் அந்த வீடியோ சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுதுங்கண்ணா," என்றார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் பதினொரு மணிக்கு எங்கள் முறை வந்தது. மனு வாங்கிய அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், மனுவை முழுவதும் படித்தார், தன் போனிலேயே முகவரியை அடித்துத் திறந்தார். மேலிருந்து கீழே தள்ளினார். கீழிருந்து மேலே தள்ளினார்.

"செய்திதாம்மா இருக்குது. வீடியோ எங்க?"

நான் வாங்கிப் பார்த்தேன். பக்கம் அழகாக இருந்தது. மாதம்மாள் பேசியதைப் பற்றிய பத்தி முடிந்தவுடன், கலந்துகொண்டவர்களைப் பற்றிய பத்தி தொடங்கியது. நடுவில் ஒரு நூல் இடம் இல்லை. 'காணொளியைக் கீழே காண்க' என்ற வரியும் இல்லை. எழுதிய எனக்கே ஒரு கணம், இதில் வீடியோ போட்டோமா என்று சந்தேகம் வந்தது.

"சார், இருந்துச்சுங்க சார். நான்தான் எடுத்தேன்."

"இருந்தா இருக்கணுமில்ல. எழுத்தை யாரு வேணா எழுதலாம்." நோட்டின் நகலை மாதம்மாள் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்துதானம்மா?"

"ஆமாங்க சாமி."

"அப்புறம் நான் என்னத்தம்மா பண்றது?"

வெளியே வந்ததும் மாதம்மாள் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அவங்க போன்ல வராதாட்டம் இருக்குது, உங்க ஆபீசுல வருமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மாடிப்படி ஏறினேன்.

மேடம் மாதம்மாளுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் நின்றபடியே கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். குவாரிக்கு ஓடப்போகிற டிப்பர் லாரிகளில் மூன்று முதலாளியின் மச்சானுடையவை. சனிக்கிழமை முதலாளி சானலிலிருந்து வீடியோவை அழித்துவிட்டார். அழிப்பதற்கு முன்பு மேடத்தைக் கூப்பிட்டு, பக்கத்தில் கருப்புப் பெட்டி நின்றால் எவனாவது கேள்வி கேட்பானே என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது தானா மூடிக்கும் சார்னு சொன்னேன்."

"நான் இன்னைக்கு அங்க போறேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்கண்ணா. சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. சார் உங்களையும் அனுப்பிருவாரு, என்னையும் அனுப்பிருவாரு. பாப்பா இப்பத்தான் அஞ்சாவது போறா."

சர்வரில் இருக்குமே, அந்தப் படம். வீடியோவிலிருந்து எடுத்தது, எல்லோரும் கை தூக்கி நிற்பது. அதையாவது கொடுங்கள் என்றேன். மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேத்துக் காலையிலயே லிஸ்ட் வந்துச்சு. இன்னைக்கு ஒம்பது மணிக்கே க்ளீன் பண்ணிட்டேன். மூடுன வீடியோவோட படத்தை வெச்சிருந்தா குப்பைதானுங்களே."

மாதம்மாளுக்கு எங்கள் பேச்சு பிடிபடவில்லை. என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். வீடியோவை அழித்துவிட்டார்கள், முன்பெல்லாம் அழித்தால் அந்த இடத்தில் கருப்பாக ஒரு பெட்டி நிற்கும், இப்போது அதுவும் நிற்காத மாதிரி செய்திருக்கிறோம் என்று சொன்னேன். 'செய்திருக்கிறோம்' என்றுதான் சொன்னேன்.

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கருப்பையாச்சும் உட்டு வெச்சிருக்கலாமில்ல கண்ணு. இந்தா பாருங்க சாமி, இங்க ஒண்ணு இருந்துச்சு, எவனோ எடுத்துட்டான்னு சொல்லியிருப்பேனே. இப்ப நானு பொய்க்காரியில்ல ஆயிட்டேன்."

மேடத்தின் கண் கலங்கியது. நான் பார்த்தேன். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை கூட வரட்டுமா என்று மாதம்மாளைக் கேட்டார். மாதம்மாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நான் அன்றே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. முதலாளியிடம் கத்தினேன். அவரும் கத்தினார், பிறகு இரண்டு பேரும் டீ குடித்தோம். கூட்டத்துக்கு வந்த நாலைந்து பேரிடம் சாட்சி கேட்டு அலைந்தேன். கையெழுத்து இருக்கும்போது வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அவர்களே பின்வாங்கினார்கள். குவாரி வந்தது. மேடத்தோடு எட்டு மாதம் ஒரே அறையில் உட்கார்ந்தேன், தேவைக்கு மட்டும் பேசினேன். அவர் எப்போதும் போல இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த சித்திரையில் மாதம்மாளின் கிணறு போனது. இரண்டு பக்கமும் சரிந்து உள்ளே விழுந்திருந்தது, அடியில் ஈரம்கூட இல்லை. நான் போய்ப் படம் எடுத்தேன். கிணற்று மேட்டில் மாதம்மாள் நின்றுகொண்டு, "எடுத்துக்கோ சாமி, இதையாச்சும் நல்லா எடுத்துக்கோ," என்றார். குவாரி வெடியால்தான் என்று எழுதி அனுப்பினேன். முதலாளி வெடியையும் குவாரியையும் எடுத்துவிட்டார், கோடையில் கிணறுகள் வற்றின என்று ஒரு செய்தி மட்டும் மிஞ்சியது. போகட்டும், படமாவது வரும், சரிந்த சுவரைப் பார்க்கிறவனுக்குப் புரியாதா என்று இருந்தேன்.

மறுநாள் மதியம் மாதம்மாள் போன் செய்தார். மருமகன் போனில் செய்தியைக் காட்டினானாம்.

"ஏஞ்சாமி, என் பேரைப் போட்டு, அடியில ஒரு கெணறு போட்டிருக்குதே. படிக்கட்டெல்லாம் வெச்சு, கழுத்து வரைக்கும் தண்ணியா நிக்குது. இது யாரூட்டுக் கெணறு?"

திரும்பி மேடத்தைப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்பே, குரலைத் தாழ்த்தி, நல்லது செய்த முகத்தோடு சொன்னார்.

"நீங்க அனுப்புனது வெறுங்குழியா, இடிஞ்சு கெடந்துச்சுங்கண்ணா. பக்கமே பாக்க நல்லா இல்ல. பழைய படத்துல தண்ணியோட ஒண்ணு இருந்துச்சு, அதைப் போட்டேன்."

போனில் மாதம்மாள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "சாமி, இருக்கியா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் இருக்கிறேன் என்று சொன்னேன்.